தொப்பிதான் காரணம்

நான் ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்கிற ரகம் இல்லை. தெருவில் யாராவது சிரித்தால் நானும் சிரித்துவைப்பேன். அவர்கள் திரும்பி நாலு எட்டு வைத்ததும் பின்மண்டையைப் பார்த்துத்தான் ‘அட, இவங்களா’ என்று தோன்றும். பன்னிரண்டு வருடமாக அக்காவின் பார்லரில் தலை கழுவியவளுக்கு வேறு எப்படி இருக்கும்? வெட்டவும் சாயம் பூசவும் எனக்கு வரும். ஆனாலும் என் இடம் பின்னறையில், இரண்டு கழுவும் தொட்டிகளுக்கு நடுவில். முன்னறை அக்காவுடையது. கண்ணாடிகள், மேசை, போன், சிரிப்பு எல்லாம் அவளிடம். தண்ணீரும் முடியும் என்னிடம்.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குச் சடை போட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் திட்டாமல் கையில் சீப்பைக் கொடுத்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவளை வாய்க்கு வந்தபடி பேசப்போகிறேன், அப்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

டவுன் பஸ் ஓட்டுகிற அந்த அம்மாவை நாங்கள் டிரைவரம்மா என்றுதான் சொல்வோம். நாற்பதைத் தாண்டியவர். வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. பத்து மணிக்குக் கடை திறந்தால் முதல் ஆள் அவர்தான். விடுமுறையிலும் டிப்போ தொப்பி தலையில் இருக்கும். அதைக் கழற்றி என் தொட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, பஸ்ஸில் ஏறுகிற மாதிரியே நாற்காலியில் ஏறி உட்காருவார். முதல்நாள் தண்ணீர் சூடாக வேண்டுமா என்று கேட்டேன். இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பாதி வெந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்றார். என் உயரத்தைப் பார்த்து அன்றைக்கே ‘பாப்பா’ என்று பெயரும் வைத்துவிட்டார். எனக்கு முப்பத்தொரு வயது.

அவருடைய தலை எனக்குப் பிடித்த தலை. அடர்த்தி ஒரு கைக்குள் அடங்காது. ஷாம்பு வேர்வரை போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு டிப்போ கதைகள் சொல்வார். நடுரோட்டில் நின்று கைகாட்டிவிட்டு, பஸ் நின்றதும் ‘இது எங்கே போகுது’ என்று விசாரிக்கிற பெரியவர் கதையை மட்டும் பத்துத் தடவை கேட்டிருப்பேன். டிப்போவின் பாதிப் பெண்களை எங்கள் கடைக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். அக்கா அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு தலை ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை. முதலில் தொட்டியின் சல்லடையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக முடி நின்றது. எல்லாருக்கும் சில மாதங்களில் அப்படிக் கொட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு, கழுவும்போதே நடுவில் ஒருமுறை சல்லடையை எடுத்துத் தட்ட வேண்டியிருந்தது. வகிடு அகலமானது. ஈர முடியை ஒரு கையால் பிடித்துப் பிழிய முடிந்தது. முடிக்கு நடுவே தெரிந்த தோல், நீரில் ஊறிய காகிதம் போல வெளுத்திருந்தது. காதுமடலும் அப்படித்தான். நகங்கள் தட்டையாகி நடுவில் குழிந்திருந்தன. கழுவி முடித்து எழுந்திருக்கும்போது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூச்சு வாங்கிவிட்டுத்தான் நிற்பார்.

கூடவே இந்த ஐஸ். பின்னறையில் கிரீம்கள் வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ் உண்டு. ஒருநாள் அதில் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த வாரமும் கேட்டார். அப்புறம் வந்ததும் வராததுமாக அதுதான் முதல் கேள்வி. கடக்கடக் என்று மென்று தின்பார். அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். அக்கா அவருக்கென்றே இன்னொரு ஐஸ் தட்டு வாங்கி வைத்தாள். விருந்தோம்பலில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் தொழில் படித்தபோது ஒரு தோல் டாக்டர் வந்து இரண்டு நாள் வகுப்பெடுத்தார். வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள்; நான் தூங்கவில்லை. முடி நோயின் பெயரைச் சொல்லாது, உள்ளே ஏதோ சரியில்லை என்று மட்டும் சொல்லும் என்றார். தொப்பியோ இறுக்கிக் கட்டுவதோ காரணமென்றால் உரசுகிற, இழுக்கிற இடத்தில்தான் கொட்டும். தலை முழுக்க ஒரே சீராகக் கொட்டி, ஆளும் வெளுத்து, மண்ணோ சுண்ணாம்போ ஐஸோ தின்னத் தோன்றுகிறது என்றும் சொன்னால், எண்ணெயைத் தேடாதீர்கள், ரத்தத்தைச் சோதிக்க அனுப்புங்கள் என்றார். டிரைவரம்மாவுக்குத் தொப்பி விளிம்பு படாத பிடரிவரைக்கும் கொட்டியிருந்தது. 

அப்படியானால் அவரிடமே சொல்லியிருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். எங்கள் கடையில் ஒரு சட்டம் இருந்தது. கழுவுகிற கை பேசக் கூடாது. அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணமும் நானே. மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் அம்மாவின் பிடரியில் ஆறாத கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, ‘சுகர் பாத்தீங்களா?’ என்று கேட்டுவைத்தேன். என் குரல் கொஞ்சம் கணீரென்று இருக்கும். பக்கத்துத் தொட்டியில் படுத்திருந்தவர் அந்த அம்மாவுக்குச் சம்பந்தியாக வரவேண்டியவர். பேச்சுவார்த்தை முறிந்ததோ இல்லையோ, அந்த அம்மா தன் சொந்தபந்தம் அத்தனை பேரோடும் எங்கள் கடைக்கு முழுக்குப் போட்டார். அக்கா அவர் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. கழுவும்போது நான் பார்த்ததை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுப்பேன். முன்னறையில், நாசூக்காக, யார் காதிலும் விழாமல் அக்கா சொல்லுவாள். அவளுக்கு அந்தப் பதவிசு உண்டு, எனக்குக் கிடையாது. நானும் நல்ல ஏற்பாடு என்றே நம்பினேன்.

டிரைவரம்மாவின் அட்டையில் எழுதினேன்: ‘தலை முழுக்கச் சீராகக் கொட்டுகிறது. தோல் வெளுப்பு. ஐஸ் தின்கிறார். தொப்பி காரணம் இல்லை. ரத்தம் சோதிக்கச் சொல்லவும்.’ அன்று கடையைக் கூட்டும்போது அக்காவிடம் கேட்டேன்.

“சொன்னியாக்கா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“போறேன்னாங்க. நீ உன் வேலையப் பாரு.”

அடுத்த மாதம் புது அட்டையில் மறுபடி எழுதினேன். ‘ரத்தம்’ என்பதற்குக் கீழே கோடு போட்டேன். சொல்லியாயிற்று, டியூட்டி ஒழியவில்லையாம் என்றாள் அக்கா. மூன்றாவது முறை இரண்டு கோடு போட்டேன். ஒரு மனுஷிக்கு எத்தனை தடவைதான் சொல்வது, கழுத்தைப் பிடித்தா ஆஸ்பத்திரிக்குத் தள்ள முடியும் என்று அக்கா சலித்துக்கொண்டாள். எனக்கு டிரைவரம்மா மேல்தான் கோபம் வந்தது. பஸ்ஸில் நாற்பது ஐம்பது உயிரைச் சுமந்துகொண்டு போகிறவருக்குத் தன் உடம்பு மேல் இத்தனை அலட்சியமா என்று பொருமினேன். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நான் அதிகம் பேசவில்லை. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கழுவினேன்.

ஒரு வியாழக்கிழமை அவரே வாயைத் திறந்தார். நுரைக்குள் என் விரல்கள் இருந்தன.

“ரொம்பக் கொட்டுது இல்ல, பாப்பா?”

“ஆமா.”

“பயமா இருக்கு.”

நான் வெடுக்கென்று சொன்னேன், “அக்கா சொன்னபடி செய்யுங்க. அக்கா என்ன சொன்னாங்களோ அதைச் செஞ்சாலே சரியாப் போயிடும்.”

சரி என்றார். ரொம்ப நிம்மதியாகச் சரி என்றார். அந்த நிம்மதி எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு இரண்டு வியாழக்கிழமை அவர் வரவில்லை. டியூட்டி மாறியிருக்கும் என்றாள் அக்கா. மூன்றாவது வியாழக்கிழமை பத்தரைக்கு வந்தார். தொப்பி தலையில் இல்லை, கையில் இருந்தது. இன்னொரு கையில் ஆஸ்பத்திரி ஃபைல். பின்னறைக்கு வராமல் முன்னறையிலேயே, சாயம் காய்வதற்காக ஆட்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா வாயெல்லாம் பல்லாக எழுந்து, என்னைப் பார்த்து ஐஸ் கொண்டுவரச் சொன்னாள்.

வேண்டாம் என்றார் டிரைவரம்மா. ரத்தம் ஏற்றியதும் ஐஸ் ஆசை போய்விட்டதாம். நடந்ததை அவர் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை. டிப்போவில் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். கடைசி நிறுத்தத்துக்கு முந்தின வளைவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதித்தது மட்டும் ஞாபகம். பஸ் நடைபாதையில் ஏறி நிழற்குடைத் தூணில் இடித்து நின்றது. படியில் நின்ற ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்த நேரத்தில் தூணுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை, அதுதான் புண்ணியம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை. கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது, வயசானால் அப்படித்தான் என்று இவர் இருந்துவிட்டார். இனி டிப்போவின் மெடிக்கல் போர்டு சரி என்று சொல்கிறவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. போர்டு சொல்லாமலும் போகலாம். இப்போதைக்கு விசாரணை ஜன்னலில் உட்காரவைத்திருக்கிறார்கள். இருபது வருடம் ஓட்டியவர்.

நான் பின்னறைக் கதவருகில் நின்றேன். என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன்: ‘சொன்னால் கேட்டால்தானே’ என்று நினைத்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரர் மூணு மாசமா ரத்தம் டெஸ்ட் பண்ணு, டெஸ்ட் பண்ணுன்னு உயிரை எடுத்தாரு. நான்தான் கேக்கல. வாராவாரம் தலையத் தொடுறவளே தொப்பி வேர்வைதான்னு சொல்றா, உங்களுக்கு என்ன தெரியும்னு அவர் வாய அடைச்சேன். உன்ன நம்பித்தான், பாப்பா.”

“நான் எப்பங்க தொப்பின்னு சொன்னேன்?”

“அக்காதானே சொன்னாங்க. தங்கச்சி நல்லாப் பாத்துட்டா, தொப்பிதான் காரணம்னு எழுதிக் குடுத்திருக்கா, நான் முன்னறையில எண்ணெய் தேய்க்கிற வேர் சிகிச்சைய விடாமப் பண்ணுங்கன்னு. அட்டையக்கூடக் காட்டினாங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மேசை மேல் இருந்த சீப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே வரிசையாக இருந்த சீப்புகள். நான் போய் மேசை இழுப்பறையைத் திறந்து அட்டைப்பெட்டியை எடுத்தேன். என்ன இது, ஆட்கள் இருக்கிறார்கள் என்று அக்கா முணுமுணுத்தாள். டிரைவரம்மாவின் அட்டை புத்தம் புதிதாக இருந்தது. கோடு இல்லை, அடித்தல் இல்லை, தண்ணீர்க்கறை இல்லை. என் கை ஈரத்தில் எழுதிய அட்டை ஒன்றாவது கறைபடாமல் இருந்ததுண்டா? அதில் அக்காவின் முத்து முத்தான எழுத்தில், ‘தொப்பி வியர்வையால் உதிர்வு. வேர் சிகிச்சை தொடரவும்’ என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. என்னைப் போலவே போட்டிருந்தாள். எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

 பெட்டியில் இன்னும் எத்தனை அட்டை புதிதாக இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கக்கூடத் துணிவில்லை.

“ஏன்க்கா?”

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். அப்போதும் நாசூக்கு.

“டாக்டர்கிட்ட போனவங்க யாரு திரும்பி வந்திருக்காங்க? நீ எழுதுறதெல்லாம் படிச்சுக் காட்டினா இது பார்லரா, ஆஸ்பத்திரியா? இவ்வளவு தூரம் போகும்னு நான் கண்டேனா? கடை உனக்கும் சேர்த்துத்தானே.”

“என் பேரை எதுக்குச் சொன்ன?”

அதற்கும் அவள் கூசாமல் பதில் சொன்னாள். “நான் சொன்னா வியாபாரம்னு நினைப்பாங்க. நீ சொன்னதுன்னாத்தான் நம்புறாங்க.”

பன்னிரண்டு வருடமாகப் பின்னறையில் முதுகு ஒடிய நின்று நான் சேர்த்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதை எடுத்து, எனக்குப் பிடித்த மனுஷியின் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறாள். எனக்குச் சடை போட்ட அதே கை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிரைவரம்மாவுக்கு முன்னால் மண்டியிடாத குறையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று தடவை எழுதினேன், கோடு போட்டேன், ரத்தம் சோதிக்கச் சொல்லித்தான் எழுதினேன், என் அட்டைகளை இவள் கிழித்துப் போட்டுவிட்டாள். அக்கா சொன்னபடி செய்யுங்கள் என்று நான் சொன்னது அதைத்தான், ஆஸ்பத்திரிக்குப் போவதைத்தான் என்றேன். அவர் நம்பிவிட்டால் போதும், என் பக்கம் சுத்தமாகிவிடும் என்று ஓர் எண்ணம் எனக்குள் இருந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் தலையாட்டினார்.

“நம்புறேன். நீ எழுதியிருப்ப.”

எனக்கு மூச்சு வந்தது.

“ஆனா ஏழு மாசம் என் காது உன் கைக்குள்ளதானே இருந்துச்சு, பாப்பா. பயமா இருக்குன்னு வேற சொன்னேன். ரத்தம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு அட்டை எதுக்கு?”

 கடையில் சட்டம் இருந்தது என்று சொல்லலாம். என் வாயால் ஏற்கெனவே ஒரு குடும்பம் போனது என்று சொல்லலாம். அந்தப் பெஞ்சுக்கு முன்னால் எதுவும் வாய்க்கு வரவில்லை. அவர் எழுந்து, தொப்பியை அக்காவின் மேசை மேல், வரிசையாக இருந்த சீப்புகளுக்கு நடுவில் வைத்தார். “தொப்பிதானே காரணம், நீங்களே வச்சுக்குங்க” என்று அக்காவிடம் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு போனார். அவர் பின்மண்டையைப் பார்த்தேன். வகிடு உச்சியைத் தாண்டிப் பின்பக்கம்வரை வெள்ளையாக ஓடியது.

அதற்கு அடுத்த வாரமே நான் அந்தக் கடையை விட்டேன். இரண்டு தெரு தள்ளி, ஒரே ஒரு தொட்டி இருக்கிற கடையில் வேலை. முன்னறை பின்னறை கிடையாது. தலையில் கண்டதை அங்கேயே, குனிந்து, மெதுவாகச் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். அக்காவும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் சமைத்ததை நான் சாப்பிடுகிறேன், நான் துவைத்ததை அவள் உடுத்துகிறாள். முன்பெல்லாம் திங்கட்கிழமைகளில் அவள் தலைக்கு நான்தான் எண்ணெய் வைப்பேன். இப்போது அவளே வைத்துக்கொள்கிறாள். பின்பக்கம் சரியாக எட்டவில்லை. பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன்.

மூன்று மாதம் பொறுத்து ஒருநாள் டிப்போவுக்குப் போனேன். விசாரணை ஜன்னலில் டிரைவரம்மா இருந்தார். முழுக் கண்ணாடி, நடுவில் பேசுவதற்கு வட்டமாக ஒரு துளை. வரிசையில் ஆறாவது ஆளாக நின்றேன். மன்னிப்புக் கேட்பதா, உடம்பு எப்படி என்று கேட்பதா, மெடிக்கல் போர்டு என்ன சொன்னது என்று கேட்பதா என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். என் முறை வந்தது. துளை கொஞ்சம் உயரத்தில் இருந்ததால் நான் குதிகாலை உயர்த்தி நின்றேன்.

அவர் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு குனிந்திருந்தார். முன்நெற்றி ஓரத்தில், வகிட்டின் இரண்டு பக்கத்திலும், சின்னச் சின்னதாகப் புது முடி குத்திட்டு நின்றது. அரை விரற்கடை இருக்கும். தோலில் சிவப்பு ஓட்டம் வந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “முடி வருது” என்றேன். கண்ணாடித் துளை வழியாக, என் கணீர்க் குரலில் அதைத்தான் சொல்ல முடிந்தது.

அவர் நிமிர்ந்தார். என்னை நன்றாகத் தெரிந்துகொண்டார், அதில் சந்தேகமே இல்லை.

“நீங்க எங்க போகணும்?” என்றார்.

அவர் என்னை ஒருநாளும் நீங்க என்று சொன்னதில்லை.  எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. பின்னால் நின்றவர் நேரமாகிறது என்று சொன்னார். டிரைவரம்மா என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, அதே குரலில், அவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். நான் விலகி அவருக்கு வழிவிட்டேன்.